ஜாவா புரோகிராம் டேட்டாபேஸில் சேமிக்க மறுக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ஜாவா கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்ப்பது லேபில் என் அன்றாட வேலை. பெரும்பாலும் ஒரே புரோகிராம்தான். மாணவர் பெயர், பதிவு எண், மூன்று மதிப்பெண் வாங்கி மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் டேபிளில் போட வேண்டும், அப்புறம் எடுத்துக் காட்ட வேண்டும். பிழைகளும் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பன்னிரண்டுதான் வரும். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், நேரம் தின்னும் காரணம் கடைசியில். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். பிழைச் செய்திகளையும் கட்டளைகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; திரையில் அவை ஆங்கிலத்தில்தான் வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி ஓட வைத்தால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே பிழை வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எந்தச் செய்தியும் இல்லை, எதுவும் நடக்கவும் இல்லை

முதலில் 'கேட்ச்' பகுதியைப் பாருங்கள். உள்ளே காலியாக இருக்கிறதா? ஐடிஇ (எக்லிப்ஸ் போன்ற, புரோகிராம் எழுதும் மென்பொருள்) சிவப்புக் கோடு போட்டதும் அதை மறைக்க 'ட்ரை–கேட்ச்' சுற்றிவிட்டு, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். பிழை வந்திருக்கும், அதைச் சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான். 'பிரிண்ட் ஸ்டாக் டிரேஸ்' என்ற ஒரு வரியைச் சேர்த்து ஓடவிட்டால் உண்மையான செய்தி வெளியே வரும்.

வந்த செய்தி நாற்பது வரி நீளம் என்றால் பயப்பட வேண்டாம். 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக உள்ளதைத் தேடுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும் முதல் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

'நோ சூட்டபிள் டிரைவர்' அல்லது 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' என்கிறது

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். மைஎஸ்க்யூஎல்லோடு பேசத் தெரிந்த டிரைவரான 'கனெக்டர் ஜே' என்ற ஜார் கோப்பு (ஜாவா நூலகத் தொகுப்பு) பெரும்பாலும் உங்கள் புரோகிராமின் கண்ணில் பட்டிருக்காது.

1. இணைப்பு முகவரியில் எழுத்துப் பிழை உண்டா? 'ஜேடிபிசி', முக்காற்புள்ளி, 'மைஎஸ்க்யூஎல்', முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். ஜார் சரியாகவே இருந்தும் ஒரு எழுத்து விட்டுப்போனதால் 'நோ சூட்டபிள் டிரைவர்' வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

2. இறக்கியது ஜிப் கோப்பு என்றால் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஜாரைத்தான் சேர்க்க வேண்டும். ஜிப்பையே சேர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

3. எக்லிப்ஸில் பில்டு பாத் பகுதியில் 'மாட்யூல்பாத்', 'கிளாஸ்பாத்' என்று இரண்டு இருக்கும். கிளாஸ்பாத் என்பது ஜாவா தனக்கு வேண்டிய கோப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியல். ஆரம்ப நிலைப் புரோகிராமுக்கு அதன் கீழ் சேர்ப்பதே சிக்கலில்லாத வழி.

4. 'கிளாஸ் ஃபார்நேம்' வரியில் டிரைவர் பெயரைப் பாருங்கள். பழைய பாடக் குறிப்புகளில் நடுவே 'சிஜே' இல்லாத பெயர் இருக்கும். கனெக்டரின் 8-ஆம் பதிப்பிலிருந்து 'காம் டாட் மைஎஸ்க்யூஎல் டாட் சிஜே டாட் ஜேடிபிசி டாட் டிரைவர்' என்பதே பெயர். சொல்லப்போனால் ஜாவா 6 காலத்திலேயே டிரைவர் தானாக ஏறும் வசதி வந்துவிட்டது. சாதாரணப் புரோகிராமில் அந்த வரியையே நீக்கிவிடலாம்.

*எக்லிப்ஸில் ஓடுகிறது, கமாண்ட் பிராம்ப்டில் ஓடவில்லை:* ஐடிஇ ஜாரைத் தானே சேர்த்துக்கொள்கிறது. கமாண்டில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிளாஸ்பாத்தில் ஜாரோடு ஒரு புள்ளியும் இருக்க வேண்டும், இந்தக் கோப்புறையையும் பார் என்பதற்கு. பிரிக்கும் குறி விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. புரோகிராமையே ஜாராக்கி 'ஜாவா –ஜார்' என்று ஓட்டினால், கட்டளையில் கொடுக்கும் கிளாஸ்பாத்தை ஜாவா கண்டுகொள்ளாது. அதை ஜாரின் மேனிஃபெஸ்ட் கோப்பில்தான் எழுத வேண்டும்.

'கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்'

டிரைவர் கிடைத்துவிட்டது, சர்வர் கதவைத் திறக்கவில்லை. உங்கள் புரோகிராம் வரிகளை, அதாவது கோடைத் தொட வேண்டாம். முதலில் சர்வர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸாம்ப் (டேட்டாபேஸும் அப்பாச்சி வெப் சர்வரும் ஒன்றாக வரும் தொகுப்பு) வைத்திருந்தால் மைஎஸ்க்யூஎல் என்ற பெயர் பச்சையாக இருக்கிறதா? தனியாக நிறுவியிருந்தால் விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் 'ரன்னிங்' என்று காட்டுகிறதா?

ஓடுகிறது என்றால் அடுத்தது போர்ட் எண். இயல்பான எண் 3306. டேபிளைப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மின் பிரவுசரில் திறக்கும் 80 அல்லது 8080-ஐ இங்கே எழுதிவிடுகிறார்கள். அது அப்பாச்சியின் எண். ஒரே கணினியில் ஸாம்பும் தனி மைஎஸ்க்யூஎல்லும் இருந்தால் ஒன்றுதான் 3306-ஐப் பிடிக்க முடியும், மற்றதை யாரோ 3307-க்கு மாற்றி வைத்திருப்பார்கள். ஸாம்ப் திரையில் போர்ட் எண் பக்கத்திலேயே தெரியும்.

இரண்டும் சரி, சர்வர் வேறு கணினியில் இருக்கிறது என்றால் இங்கே நிறுத்துங்கள். ஃபயர்வாலும் நெட்வொர்க் அனுமதியும் லேப் நிர்வாகியின் கையில்.

*ஸாம்பில் மைஎஸ்க்யூஎல் பச்சையாகி உடனே அணைந்துவிடுகிறது:* முதலில் போர்ட் மோதலைப் பாருங்கள். அது இல்லையென்றால் டேட்டா கோப்புகளில் பழுது இருக்கலாம். இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: 'ஐபிடேட்டா1' என்ற கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சர்வர் எழுந்துகொள்ளும், உண்மைதான். ஆனால் டேபிள்களின் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். திறந்தால் அப்படி ஒன்று இல்லை என்கும். இறுதியாண்டு பிராஜெக்ட் முழுவதையும் இப்படி இழந்த ஒரு மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சர்வரை நிறுத்தி, 'மைஎஸ்க்யூஎல்' கோப்புறைக்குள் உள்ள 'டேட்டா' கோப்புறை முழுவதையும் வேறு இடத்தில் நகல் எடுங்கள். அதன் பிறகு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

'ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர்'

செய்தியின் கடைசிச் சொல்லைப் படியுங்கள். 'யூசிங் பாஸ்வேர்டு: நோ' என்றால் உங்கள் புரோகிராம் பாஸ்வேர்டையே அனுப்பவில்லை. 'யெஸ்' என்றால் அனுப்பியது, ஆனால் தவறானது. பாதிப் பிழை இந்த ஒரு சொல்லிலேயே தீர்ந்துவிடும்.

ஸாம்பில் 'ரூட்' பயனருக்கு ஆரம்பத்தில் பாஸ்வேர்டே கிடையாது, காலியான மேற்கோள் குறிதான் கொடுக்க வேண்டும். தனியாக நிறுவியதில் நிறுவும்போது நீங்களே கொடுத்தது. பாஸ்வேர்டில் 'அட்' குறியோ 'அண்ட்' குறியோ இருந்தால் அதை முகவரிக்குள் ஒட்டாமல் 'கெட் கனெக்ஷன்' அழைப்பில் மூன்றாவது மதிப்பாகத் தனியே கொடுங்கள்.

ரூட் பாஸ்வேர்டு மறந்தேபோய்விட்டது என்றால், உங்கள் சொந்தக் கணினியில் மீட்டமைக்க வழி உண்டு. லேப் சர்வர் என்றால் நிர்வாகியிடம் போங்கள்.

"நேத்து ஓடிச்சு சார், இன்னிக்கு ஓடலை"

இப்படிச் சொன்னவுடன் செய்தியில் 'பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலௌட்' இருக்கிறதா என்று பார்ப்பேன். பல தடவை இருக்கும். மைஎஸ்க்யூஎல் 8-ல் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை மாறியது. ஒருமுறை 'வொர்க்பெஞ்ச்' என்ற மைஎஸ்க்யூஎல் கருவி வழியாக உள்ளே போய்விட்டால் சர்வர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் உங்கள் ஜாவாவும் நுழைந்துவிடும். கணினியை அணைத்துப் போட்டதும் அந்த நினைவு போய்விடும், பிழை வரும். மாணவர் பொய் சொல்லவில்லை, நேற்று உண்மையிலேயே ஓடியது.

இணைப்பு முகவரியில் 'யூஸ்எஸ்எஸ்எல்=ஃபால்ஸ்' என்று இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். தேவையென்றால் 'அலௌபப்ளிக்கீரிட்ரீவல்=ட்ரூ' சேர்க்கலாம், ஆனால் சொந்தக் கணினியில் மட்டும். நெட்வொர்க்கில் உள்ள சர்வருக்கு அது பாதுகாப்பில்லை.

இதற்குப் பக்கத்துவீட்டுப் பிழை, 'இந்தியா ஸ்டாண்டர்டு டைம்' என்ற நேர மண்டலம் புரியவில்லை என்பது. கனெக்டரின் பழைய 8.0 பதிப்புகளில் வரும். முகவரியில் 'சர்வர்டைம்ஸோன்=ஏஷியா/கொல்கத்தா' சேர்த்தால் போகும். கனெக்டரைப் புதிதாக்கினாலும் போகும்.

'யூ ஹேவ் அன் எரர் இன் யுவர் எஸ்க்யூஎல் சின்டாக்ஸ்'

செய்தியில் 'நியர்' என்ற சொல்லுக்குப் பிறகு மேற்கோளில் ஒரு துண்டு வரும். பிழை பெரும்பாலும் அந்தத் துண்டின் தொடக்கத்தில், அல்லது அதற்குச் சற்று முன்னால் இருக்கும்.

இடைவெளி விட்டுப்போனதா? எஸ்க்யூஎல்லை இரண்டு வரியாகப் பிரித்துக் கூட்டல் குறியால் ஒட்டும்போது டேபிள் பெயரும் 'வேர்' என்ற சொல்லும் ஒட்டிக்கொள்ளும். எஸ்க்யூஎல் சரத்தை ஓட்டுவதற்கு முன் திரையில் அச்சிட்டு, அதை அப்படியே நகலெடுத்து பிஎச்பிமைஅட்மினில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.

காலம் (டேபிளின் நெடுவரிசை) பெயரில், எஸ்க்யூஎல் தனக்கென ஒதுக்கிய சொல் இருக்கிறதா? மதிப்பெண் டேபிள் என்றால் 'ரேங்க்' என்று ஒரு காலம் வைக்காதவர் இல்லை. மைஎஸ்க்யூஎல் 5.7-ல் அது ஓடும்; 8.0-ல் அது ஒதுக்கப்பட்ட சொல், ஓடாது. 'ஆர்டர்', 'குரூப்', 'டெஸ்க்' ஆகியவை இரண்டிலுமே ஓடாது. 'ஸ்டூடன்ட் ரேங்க்' என்று பெயரையே மாற்றிவிடுவது நல்லது.

சில பெயர்களுக்கு மட்டும் வருகிறதா? தூத்துக்குடிப் பக்கம் டி'குருஸ், டி'சூசா என்ற குடும்பப் பெயர்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் அந்த ஒற்றை மேற்கோள் உங்கள் எஸ்க்யூஎல்லை அங்கேயே முடித்துவிடும். பெயரைக் கூட்டல் குறியால் ஒட்டுவதை நிறுத்தி, மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியே கொடுக்கும் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்'டுக்கு மாறுங்கள். பெயர்ப் பெட்டியில் எஸ்க்யூஎல்லையே எழுதி டேட்டாவைத் திருடும் வழியும் அதோடு அடைபடும்.

மாறிய பிறகு 'பாராமீட்டர் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்' வந்தால் இரண்டில் ஒன்று: கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் போட்டிருக்கிறீர்கள், அல்லது எண்ணிக்கையை 0-விலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். இங்கே எண்ணிக்கை 1-லிருந்துதான்.

எரர் இல்லை, ஆனால் டேபிளில் ரெக்கார்டும் இல்லை

மிக அதிக நேரத்தைத் தின்னும் அறிகுறி இது. முதலில் ஒரு சோதனை. 'எக்ஸிக்யூட் அப்டேட்' திருப்பித் தரும் எண்ணை அச்சிடுங்கள்.

*எண் அச்சாகவே இல்லை:* அந்த வரிக்குப் புரோகிராம் வரவே இல்லை. ஸ்டேட்மென்டைத் தயார் செய்து, மதிப்புகளை நிரப்பி, ஓட்ட மறந்திருப்பீர்கள்.

*0 வருகிறது:* அப்டேட் அல்லது டெலீட் என்றால் நிபந்தனைக்கு எந்த ரெக்கார்டும் பொருந்தவில்லை. பதிவு எண்ணின் முன்னாலோ பின்னாலோ இடைவெளி ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

*1 வருகிறது, ஆனாலும் டேபிளில் இல்லை:* இதற்குத்தான் பொறுமை வேண்டும்.

முதலில், பார்க்கும் திரையைப் புதுப்பியுங்கள். நீங்கள் பார்ப்பது மைஎஸ்க்யூஎல் கமாண்ட் திரை என்றால், அங்கே டிரான்சாக்ஷன் (கமிட் செய்யும்வரை முடியாத வேலைத் தொகுதி) ஒன்று திறந்தபடி கிடக்கலாம். அப்போது அது பழைய நிலையையே காட்டிக்கொண்டிருக்கும். 'கமிட்' அடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, கோடில் 'செட் ஆட்டோ கமிட்' ஃபால்ஸ் என்று இருக்கிறதா? இருந்தால் 'கமிட்' வரியும் இருக்க வேண்டும். அது இல்லாமல் புரோகிராம் முடிந்தால் மைஎஸ்க்யூஎல் அத்தனையையும் திரும்பப் பெற்றுவிடும். எங்கிருந்தோ நகலெடுத்த கோடில் இந்த வரி ஒட்டிக்கொண்டு வரும்.

மூன்றாவது, வேறு சர்வரில் எழுதுகிறீர்களா? ஒரு மாணவரிடம் இதற்காக முக்கால் மணி நேரம் செலவிட்டோம். ஜாவா 3306-ல் இருந்த தனி மைஎஸ்க்யூஎல்லில் எழுதிக்கொண்டிருந்தது. அவர் பிஎச்பிமைஅட்மினில் 3307-ல் இருந்த ஸாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் அதே பெயரில் டேட்டாபேஸ், அதே பெயரில் டேபிள். அன்றைக்கு அங்கே நாற்பத்தேழு ரெக்கார்டுகள் சத்தமில்லாமல் சேர்ந்திருந்தன. அப்போதிலிருந்து நான் இதைத்தான் முதலில் செய்கிறேன்: ஜாவா புரோகிராமிலிருந்தே 'செலக்ட் வெர்ஷன்' என்றும், 'அட்அட்போர்ட்', 'அட்அட்டேட்டாடிர்' என்றும் கேட்டு விடையை அச்சிடுவேன். வெர்ஷனில் மரியாடிபி என்று வந்தால் அது ஸாம்ப்; அதோடு வருவது மைஎஸ்க்யூஎல்லின் கிளையான மரியாடிபிதான். அதே கேள்வியைப் பார்க்கும் திரையிலும் ஓட்டி ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதில் எச்2 என்ற டேட்டாபேஸ் என்றால், முகவரியில் 'மெம்' என்று இருக்கிறதா பாருங்கள். அது நினைவகத்தில் மட்டும் இருக்கும் டேட்டாபேஸ். கடைசி இணைப்பு மூடியதும் மறைந்துவிடும். ஒரே கோப்பில் இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் என்றால், கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். வெறும் பெயர் மட்டும் கொடுத்தால் எந்தக் கோப்புறையிலிருந்து ஓட்டுகிறீர்களோ அங்கே புதிதாக ஒரு காலிக் கோப்பு முளைக்கும்.

ரெக்கார்டு ஏறுகிறது, பெயர் மட்டும் காலி

டேட்டாபேஸைத் திட்ட வேண்டாம். விசைப்பலகையிலிருந்து வாங்கும் ஜாவாவின் 'ஸ்கேனர்' கிளாஸில் 'நெக்ஸ்ட் இன்ட்' கொண்டு பதிவு எண்ணை வாங்கிவிட்டு, உடனே 'நெக்ஸ்ட் லைன்' கொண்டு பெயரை வாங்குகிறீர்கள். எண்ணுக்குப் பின் தட்டிய என்டர் அங்கேயே மிச்சம் கிடக்கிறது. அதைத்தான் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் 'நெக்ஸ்ட் லைன்' கொண்டே வாங்கி, எண்ணை மட்டும் 'பார்ஸ் இன்ட்' கொண்டு மாற்றுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிகின்றன

முதல் கேள்வி: எழுத்து கெட்டது எங்கே, சேமிக்கும்போதா, காட்டும்போதா? கண்ணால் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. டேட்டாபேஸில் 'செலக்ட் ஹெக்ஸ்' என்று அந்தக் காலத்தின் பைட்டுகளைக் கேளுங்கள்.

*'ஈ0ஏஈ' என்று தொடங்கினால்* டேட்டா நலம். காட்டும் திரைதான் காரணம். விண்டோஸ் கமாண்ட் திரை தமிழைச் சரியாகக் காட்டாது, கட்டம் கட்டமாக வரும். பிஎச்பிமைஅட்மினில் சரியாகத் தெரிந்தால் நிம்மதியாக விட்டுவிடலாம்.

*'3எஃப்3எஃப்3எஃப்' என்று வந்தால்* 3எஃப் என்பதே கேள்விக்குறிதான். தமிழ் உள்ளே போகும் முன்பே தொலைந்துவிட்டது, இனி எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது. டேபிள் பெரும்பாலும் தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 எழுத்துமுறையில் இருக்கும், மைஎஸ்க்யூஎல் 5.7 வரை அதுவே இயல்பு. டேபிளை 'யூடிஎஃப்8எம்பி4' ஆக மாற்றுங்கள், பழைய கனெக்டர் என்றால் முகவரியில் 'கேரக்டர்என்கோடிங்=யூடிஎஃப்–8' சேருங்கள், பெயர்களைத் திரும்ப உள்ளிடுங்கள்.

*'சி3ஏ0சி2ஏஈ' என்று வந்தால்* ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாக எண்ணி மறுபடி மாற்றப்பட்டிருக்கிறது. திரையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் எழுத்துமாகத் தெரியும். தமிழைக் கோடிலேயே எழுதி, விண்டோஸில் ஜாவா 17 அல்லது அதற்கு முந்தையதில் கம்பைல் செய்தீர்களா? கம்பைலருக்கு '–என்கோடிங் யூடிஎஃப்–8' சொல்லுங்கள். ஜாவா 18-லிருந்து அதுவே இயல்பாகிவிட்டது. இந்த வகை டேட்டாவைத் திருத்தி மீட்கவும் முடியும். ஆனால் ஆயிரக்கணக்கான ரெக்கார்டுகள் என்றால் நகல் எடுத்துவிட்டு அனுபவசாலியிடம் கொடுங்கள்.

தமிழுக்கு இன்னொரு பொறி உண்டு. 'டேட்டா டூ லாங் ஃபார் காலம்' என்று வரும், பெயரோ சின்னதாக இருக்கும். 'முத்துலட்சுமி' என்பதில் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. மைஎஸ்க்யூஎல் உகரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணிப் பதின்மூன்று என்கும். 'வார்கார் 10', அதாவது பத்துக் குறிவரை என்று வைத்த காலத்தில் அவர் எப்படி அடங்குவார்? தமிழ்ப் பெயருக்கு 100 வையுங்கள்.

எடுத்துக் காட்டும்போது வரும் கோளாறுகள்

'பிஃபோர் ஸ்டார்ட் ஆஃப் ரிசல்ட் செட்': 'நெக்ஸ்ட்' கூப்பிடாமல் மதிப்பைக் கேட்கிறீர்கள். ஒரே ரெக்கார்டு என்றாலும் கூப்பிட வேண்டும்.

முதல் ரெக்கார்டு மட்டும் காணவில்லை: 'ஒயில்' சுற்றுக்கு முன்னால் 'இஃப்' போட்டு ஒருமுறை 'நெக்ஸ்ட்' கூப்பிட்டிருப்பீர்கள்.

'ஆபரேஷன் நாட் அலௌட் ஆஃப்டர் ரிசல்ட் செட் குளோஸ்டு': சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே ஸ்டேட்மென்டில் இன்னொரு வினவலை ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டாவதற்குத் தனி ஸ்டேட்மென்ட் வையுங்கள்.

நூற்றைம்பது ரெக்கார்டுவரை ஓடி, 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என்று நிற்கிறது

மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான இணைப்பு வரம்பு 151. 'ஃபார்' சுற்றுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் புது இணைப்பு திறந்து, மூடாமல் விட்டால் சரியாக அந்த இடத்தில் முட்டும். இணைப்பைச் சுற்றுக்கு வெளியே ஒருமுறை திறங்கள். 'ட்ரை' அடைப்புக்குள்ளேயே இணைப்பைத் திறக்கும் முறை ஜாவா 7-லிருந்தே உண்டு. முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். சர்வரில் வரம்பை உயர்த்துவது தீர்வாகாது, முட்டும் இடம் தள்ளிப்போகும் அவ்வளவுதான்.

ஹைபர்நேட்டுக்குப் போனவர்களுக்கு

ஹைபர்நேட் என்பது ஜாவா கிளாஸ்களை (என்டிட்டிகளை) டேபிள்களோடு இணைக்கும் நூலகம். 'நோ பெர்சிஸ்டன்ஸ் புரொவைடர்' என்றால், 'பெர்சிஸ்டன்ஸ்' எக்ஸ்எம்எல் கோப்பு 'மெட்டா–இன்ஃப்' கோப்புறைக்குள் இருக்கிறதா, அதில் உள்ள பெயரும் கோடில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அதுவும் சரி, ஆனாலும் என்டிட்டியைத் தெரியவில்லை என்றால் இம்போர்ட் வரிகளைப் படியுங்கள். ஹைபர்நேட் 6 'ஜகார்த்தா' என்று தொடங்கும் பெயர்களை எதிர்பார்க்கும்; பழைய பாடங்களில் 'ஜாவாஎக்ஸ்' இருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பழைய ரெக்கார்டுகள் மறைந்தால் 'எச்பிஎம்2டிடிஎல்' அமைப்பில் 'கிரியேட்' இருக்கும், 'அப்டேட்' என்று மாற்றுங்கள். என்டிட்டி கிளாஸில் மதிப்பு வாங்காத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் அவசியம்.

எப்போது மற்றவரைக் கூப்பிட வேண்டும்

உங்கள் கணினியில், உங்கள் சோதனை டேட்டாவில் எதையும் நீங்களே முயலலாம். மூன்று இடங்களில் மட்டும் கையை எடுத்துவிடுங்கள்: உண்மையான மாணவர்களின், வாடிக்கையாளர்களின் டேட்டா உள்ள சர்வர், டேட்டா கோப்புகள் பழுதாகி எழ மறுக்கும் சர்வர், நெட்வொர்க் அனுமதி தேவைப்படும் இணைப்பு.

கூப்பிடும்போது போனில் எடுத்த மங்கலான படத்தை அனுப்பாதீர்கள். பிழைச் செய்தி முழுவதையும் எழுத்தாக நகலெடுங்கள். ஜாவா பதிப்பு, கனெக்டர் ஜாரின் பெயர், 'செலக்ட் வெர்ஷன்' தந்த விடை, பாஸ்வேர்டை நீக்கிய இணைப்பு முகவரி, டேபிளை உருவாக்கிய எஸ்க்யூஎல் ஆகியவற்றைச் சேருங்கள். கடைசியாக எப்போது ஓடியது, அதன் பிறகு எதை மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். என்னிடம் இவ்வளவோடு வருகிறவரின் பிழையைப் பெரும்பாலும் அவருடைய கணினியைத் திறக்காமலே சொல்லிவிட முடிகிறது.